யாரையும் வெளியே நிறுத்தாத செயலி: நெல் கொள்முதல் படிவத்தை வைத்து ஒரு செய்முறை

தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும் காவிரி டெல்டாவில் எல்லோர் கண்ணும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தின் மேல்தான். அங்கே நெல் போடுவதற்கு முன்பதிவு செய்து டோக்கன் வாங்கும் செயலி ஒன்றை நீங்கள் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் வரும் ஒவ்வொரு வரியும் ஒரு ஆளை மனத்தில் வைத்துத்தான் பேசும். கவனிக்காமல் விட்டால் அந்த ஆள் சொந்த நிலம் உள்ளவராக, கண் நன்றாகத் தெரிபவராக, கல்யாணமான ஆணாகவே இருப்பார். மற்றவர்கள் பாதிப் படிவத்தில் நின்றுவிடுவார்கள். அவர்களையும் சேர்த்துக்கொண்டு எழுதுவது எப்படி என்று இந்த ஒரு படிவத்தை வைத்தே பார்க்கலாம்.

படி 1: எல்லா வரிகளையும் வெளியே எடுங்கள்

தலைப்பு, பொத்தான், பிழைச் செய்தி, குறுஞ்செய்தி, உதவிப் பக்கம் என்று செயலியில் வரும் எழுத்து அத்தனையையும் ஒரு எக்செல் தாளில் கொட்டுங்கள். பக்கத்தில் இரண்டு பத்தி. ஒன்றில் "இந்த வரியால் யார் மாட்டிக்கொள்வார்?", இன்னொன்றில் "மாற்று வரி". திரையில் பார்க்கும்போது கண்ணில் படாதது தாளில் வரிசையாகப் பார்க்கும்போது பட்டுவிடும்.

படி 2: பெயரில் தொடங்குங்கள்

"முதல் பெயர்", "கடைசிப் பெயர்" என்ற இரண்டு கட்டங்கள் நம் ஊருக்குப் பொருந்தாது. பெரும்பாலானோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். "முழுப் பெயர் (ஆதாரில் உள்ளபடி)" என்று ஒரே கட்டம் போதும். வார்த்தையை மாற்றிவிட்டு நிரலை மறந்துவிடாதீர்கள். "குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்", "புள்ளி, இடைவெளி கூடாது" என்று உள்ளே ஒரு விதி இருந்தால், சரியான பெயரைப் போட்டவருக்கும் "தவறான பெயர்" என்று சிவப்பு எழுத்தில் வரும். ஒருவருடைய பெயரைத் தவறு என்று சொல்லும் உரிமை எந்தச் செயலிக்கும் இல்லை.

அடுத்தது "தந்தை / கணவர் பெயர்". இது உண்மையிலேயே தேவையா என்று முதலில் கேளுங்கள். தேவை என்றால் "தாய், தந்தை அல்லது பாதுகாவலர் பெயர்" என்று வையுங்கள். பாஸ்போர்ட் விண்ணப்பத்துக்கே 2016 முதல் இவர்களில் ஒருவர் பெயர் போதும். திரு, திருமதி, செல்வி பட்டியலை எடுத்தே விடலாம். நெல் போட வந்த பெண்ணுக்குக் கல்யாணமாகிவிட்டதா என்பது கொள்முதல் நிலையத்துக்கு எதற்கு? பாலினமும் அப்படித்தான். கட்டாயம் கேட்க வேண்டியிருந்தால் பெண், ஆண், திருநர், சொல்ல விரும்பவில்லை என்று நான்கும் இருக்கட்டும். மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் 2014லேயே ஏற்றுக்கொண்டுவிட்டது.

படி 3: நிலம் யாருடையது?

எனக்கு இந்தப் படிவத்தில் மிக முக்கியமாகப் படுவது இந்த இடம்தான். "உங்கள் பட்டா எண்" என்று ஒரு கட்டம் வைக்கிறோம். டெல்டாவில் எத்தனையோ பேர் கோயில் நிலத்தையும் மடத்து நிலத்தையும் குத்தகைக்கு உழுகிறார்கள். பட்டா அவர்கள் பெயரில் இருக்காது. "உங்கள்" என்ற ஒரு சொல்லிலேயே அவர்கள் வெளியே போய்விடுகிறார்கள். இப்படி மாற்றலாம்:

முன்பு: உங்கள் பட்டா எண்
பின்பு: சாகுபடி செய்யும் நிலத்தின் பட்டா எண். அதன் கீழே "இந்த நிலம்: சொந்தம் / குத்தகை / வேறு".

பிறகு, குத்தகையைத் தேர்ந்தெடுத்தவரிடம் என்ன ஆவணம் வேண்டும் என்பதை அதே திரையில் எழுதுங்கள். அவர் நிலையத்துக்கு வந்து திரும்பிப் போகக் கூடாது.

அளவும் கவனிக்க வேண்டியது. ஹெக்டேரில் மட்டும் கேட்டால் மா கணக்கில் பேசுபவர் தடுமாறுவார். மா, ஏக்கர், ஹெக்டேர் மூன்றையும் கொடுத்துவிட்டு, மாற்றும் வேலையைச் செயலியிடம் விடுங்கள். ஒரு மா 33 சென்ட், இருபது மா ஒரு வேலி.

படி 4: வினைமுற்றைப் பாருங்கள்

தமிழில் வினையே ஆணா பெண்ணா என்று காட்டிவிடும். நல்லவேளையாக "அவர்", "-ஆர்" நமக்கு இருக்கிறது. "விவசாயி பதிவு செய்தான்" என்பதை "பதிவு செய்தார்" என்று எழுதினால் மரியாதையும் வந்துவிடும், எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். உதவிப் பக்கத்தில் "விவசாயியும் அவர் மனைவியும்" என்று வந்தால் நிறுத்திப் படியுங்கள். நாற்று நடுவதும் களை எடுப்பதும் பெரும்பாலும் பெண்கள். அவர்களும் விவசாயிகள்தான். "பெண்கள்கூட எளிதாகப் பயன்படுத்தலாம்", "பாமரருக்கும் புரியும்" போன்ற வரிகளைத் தயங்காமல் நீக்குங்கள். "ரொம்ப எளிது", "இதை அழுத்தினாலே போதும்" என்பவையும் வேண்டாம். அழுத்தியும் வேலை நடக்காதவருக்கு அந்த வரி குத்தும்.

பிழைச் செய்தியிலும் இதே அக்கறை வேண்டும். "உங்கள் நெல் நிராகரிக்கப்பட்டது" என்று மொட்டையாக அனுப்பாதீர்கள். "ஈரப்பதம் 19 சதவீதம் உள்ளது. 17 சதவீதம் வரை வாங்கலாம். காயவைத்துக் கொண்டுவாருங்கள், இதே டோக்கன் செல்லும்" என்றால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். (அந்தக் கடைசி வாக்கியம் உங்கள் செயலியில் உண்மையாக இருந்தால் மட்டும்.)

படி 5: கண்ணை மட்டும் நம்பாதீர்கள்

"வலப்பக்கம் உள்ள பச்சைப் பொத்தானை அழுத்தவும்" என்ற வரி, டாக்பேக்கில் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஆண்ட்ராய்டு வசதி) கேட்டுப் பயன்படுத்துபவருக்கு உதவாது. நிறம் பிரித்தறிய முடியாதவருக்கும் உதவாது. "'டோக்கன் பெறுக' பொத்தானை அழுத்தவும்" என்று பொத்தானின் பெயரைச் சொல்லுங்கள். இணைய அணுக்க வழிகாட்டுதல்களும் நிறம், வடிவம், இடம் இவற்றை மட்டும் நம்பிக் குறிப்புக் கொடுக்கக் கூடாது என்கின்றன. மாற்றுத்திறனாளி என்ற சொல்லையே பயன்படுத்துங்கள். "குருட்டுத்தனமாக நகலெடுக்காதே" போன்ற வழக்கு ஆவணத்தில் வேண்டாம்; "சரிபார்க்காமல் நகலெடுக்காதீர்கள்" போதும்.

படி 6: நிரலுக்குள் இருக்கும் சொற்கள்

தரவுத்தளத்தில் "மாஸ்டர்", "ஸ்லேவ்" என்று இருப்பதை மாற்றச் சொன்னால், "அது அமெரிக்கக்காரர்கள் பிரச்சினை, நமக்கென்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. தஞ்சை மண்ணில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கேட்க முடியாது. இங்கே பண்ணையாள் முறை இருந்தது. சாணிப்பாலும் சவுக்கடியும் தண்டனையாக இருந்தன. பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952ல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்று நம்மோடு உட்கார்ந்து நிரல் எழுதுகிறார்கள். அவர்கள் படிக்கும் ஆவணத்தில் "ஆண்டான்", "அடிமை" என்று ஒரு சர்வருக்குப் பெயர் வைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

முதன்மை, நகல் என்று எழுதுங்கள். வேலையும் அதுதான்: ஒன்று எழுதும், மற்றது அதைப் பிரதி எடுக்கும். இணையதளம் கட்ட உதவும் ஜாங்கோ 2014லேயே மாறிவிட்டது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலும் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளமும் 2020ல் புதிய சொற்களுக்கு வந்தன. நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில், புதுக் களஞ்சியங்களின் (ஒரு திட்டத்தின் கோப்புகள் இருக்கும் இடம்) முதல் கிளைக்கு 2020 அக்டோபர் முதல் "மாஸ்டர்" என்பதற்குப் பதில் "மெயின்" என்று பெயர். "கறுப்புப் பட்டியல்", "வெள்ளைப் பட்டியல்" என்பவற்றைத் தடைப் பட்டியல், அனுமதிப் பட்டியல் என்று மாற்றுங்கள். படிப்பவருக்குப் பொருளும் உடனே விளங்கும்.

ஒரு எச்சரிக்கை. பழைய நிரலில் ஒரே மூச்சில் தேடி மாற்றாதீர்கள். மற்ற நிரல்கள் நம் செயலியை அழைக்கப் பயன்படுத்தும் பெயர் (ஏபிஐ) மாறினால் அவை உடைந்துவிடும். புதுப் பெயரைச் சேர்த்து, பழையதும் கொஞ்ச காலம் வேலை செய்யட்டும். வெளி நூலகத்தின் கட்டளையில் பழைய சொல் இருந்தால் கட்டளையை அப்படியே காட்டி, சுற்றியுள்ள விளக்கத்தில் மட்டும் புதுச் சொல்லை எழுதுங்கள்.

படி 7: பட்டியலாக்கி, கருவியிடம் கொடுங்கள்

மாற்றிய சொற்களை ஒரு கோப்பாகக் களஞ்சியத்திலேயே வையுங்கள். எழுத்தைச் சரிபார்க்கும் "வேல்" (Vale) என்ற இலவசக் கருவியில் நம் சொந்த விதிகளைச் சேர்க்கலாம், தமிழிலும். முழுச் சொல்லாகத் தேடச் சொன்னால் "அடிமையின்", "அடிமைக்கு" எல்லாம் தப்பிவிடும். அதனால் சொல் எல்லையை நீக்கி "அடிமை" என்ற பகுதியை மட்டும் தேடச் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் கருவி எச்சரிக்கை மட்டும் காட்டட்டும். "போதைக்கு அடிமை" போன்ற இடங்களையும் அது பிடிக்கும். அவற்றை விதிவிலக்கில் சேர்த்த பிறகு, பிழையாகக் காட்டும்படி மாற்றிக்கொள்ளலாம்.