எண்ணெய் வழியும், தொட்டால் எரியும்: அப்படியான முகத்துக்கு ஃபேஸ் வொஷ் தெரிவு செய்வது எப்படி?

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் எங்கள் வீட்டுக் கேத்தலின் அடியைத் தடவிப் பார்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளையாகச் சொரசொரக்கும். இரண்டு கிழமை தேய்க்காமல் விட்டால் கரண்டியால் சுரண்டி எடுக்கலாம். அந்தத் தண்ணீரில்தான் நான் பத்து வருடம் முகம் கழுவினேன். மத்தியானத்துக்குள் மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழியும், கன்னமோ சிவந்து எரியும். இரண்டும் ஒரே முகத்தில் எப்படி என்று விளங்கவே இல்லை. இப்போது ஒரு வருடமாக முகம் அமைதியாக இருக்கிறது. அதற்கு நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன்.

1. தண்ணீரைச் சோதியுங்கள்

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். மழைத் தண்ணீர் அதற்குள் ஊறித்தான் எங்கள் கிணறுகளுக்கு வருகிறது. அதனால் கல்சியம் கூடிய வன்னீர். சாதாரண சவர்க்காரம் அந்தக் கல்சியத்தோடு சேர்ந்ததும் கரையாத படிவாகிவிடும். வாளியின் உள்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருக்குமே, அதுதான். வாளியில் ஒட்டுவது முகத்திலும் ஒட்டும்.

ஒரு வெறும் போத்தலில் கால்வாசி கிணற்றுத் தண்ணீர், இன்னொன்றில் அதே அளவு மழைத் தண்ணீர். இரண்டிலும் உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரக் கட்டியைக் கொஞ்சம் சீவிப் போட்டு நன்றாகக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை எழும்பி நிற்கும். மற்றதில் நுரை குறைந்து, தண்ணீர் பால்போலக் கலங்கினால் உங்கள் வீட்டிலும் எங்கள் கதைதான்.

2. பின்பக்கத்தை வாசியுங்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். சவர்க்காரக் கட்டியை நிற்பாட்டிவிட்டுக் கடையில் ஒரு ஃபேஸ் வொஷ் வாங்கினேன். ரியூப்பின் முன்பக்கத்தில் 'மென்மையானது', 'எண்ணெய்ச் சருமத்துக்கு' என்று அழகாகப் போட்டிருந்தது. கழுவியதும் முகம் இழுத்துப் பிடித்தது, விரலால் தேய்த்தால் கிறீச் என்றது. அதுதான் சுத்தம் என்று நம்பி மூன்று மாதம் பாவித்தேன். கன்னம் உரிந்தது.

ஒருநாள் ஃபோன் கமராவால் பெருப்பித்துப் பின்பக்கத்துப் பொடி எழுத்தை வாசித்தேன். தண்ணீருக்கு அடுத்தபடியாக மிரிஸ்ரிக் அசிட், ஸ்ரியரிக் அசிட், பொட்டாசியம் ஹைட்ரொக்சைட். கொழுப்பமிலத்தோடு காரம் சேர்ந்தால் வருவது சவர்க்காரம். கட்டியை விட்டுவிட்டு அதையே ரியூப்பில் வாங்கியிருக்கிறேன்! எங்கள் தோலின் பிஎச் (அமிலம், காரம் காட்டும் அளவு) ஏறத்தாழ 5, மெல்லிய அமிலம். சவர்க்காரத்தின் பிஎச் 9, 10 வரை போகும். தோலைக் காக்கும் மேற்படை அதில் குலைந்துபோகும். பிறகு எதைப் பூசினாலும் சுள்ளென்று எரியும்.

பட்டியலில் கூடுதலாக உள்ள பொருள்தான் முதலில் வரும். ஆகவே முதல் ஆறேழு பெயரைக் கவனமாகப் பாருங்கள், போதும். மேலே சொன்ன கூட்டோ, 'சோடியம் பாமேற்', 'சோடியம் கோக்கோவேற்' என்ற பெயர்களோ அங்கே இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். பொட்டாசியம் ஹைட்ரொக்சைட் தனியாகக் கடைசியில் வந்தால் பயமில்லை, பிஎச்சைச் சரிசெய்யக் கொஞ்சம் போடுவார்கள். 'சோடியம் லோரில் சல்பேற்' முன்னுக்கு நின்றாலும் எரிவுள்ள முகத்துக்கு நான் வாங்கமாட்டேன்.

தேட வேண்டிய பெயர்கள்: கோகமிடோபுரோபில் பீற்றெயின், டெசில் குளுக்கோசைட், சோடியம் கோகொயில் ஐசெதயொனேற். இவை சவர்க்காரம் அல்லாத மென்மையான கழுவிகள், வன்னீரிலும் படிவு விடாதவை. கூடவே கிளிசரின் இருந்தால் நல்லது.

அடுத்தது வாசனை. 'பர்ஃபம்', 'ஃப்ரேக்ரன்ஸ்', மென்தோல், எலுமிச்சை எண்ணெய் எதுவும் வேண்டாம். குளிர்ச்சியாக இருப்பது குணமாவதால் என்று பலர் நினைக்கிறார்கள். மென்தோல் தோலின் நரம்பை ஏமாற்றுகிறது, அவ்வளவுதான்.

3. சின்ன ரியூப், காது மடலின் பின்பக்கம்

பெரிய போத்தல் லாபம் என்று எடுக்காதீர்கள். சின்னதை வாங்கி, ஒரு கிழமைக்குக் காதின் பின்பக்கத்திலும் தாடை ஓரத்திலும் மட்டும் பாவியுங்கள். கடி, சிவப்பு இல்லாவிட்டால் முழு முகத்துக்கும் போகலாம். என் விருப்பம் ஜெல். கிறீம் வகை எங்கள் வெயிலுக்கு எனக்குப் பாரமாகத் தெரிந்தது. குறுணி போட்ட ஸ்கிரப், முகம் தேய்க்கும் பிரஷ் இரண்டையும் இந்தத் தோலுக்குக் கிட்டவும் எடுக்காதீர்கள். கடலை மாவும் அப்படித்தான், அம்மா சொன்னாலும்.

4. கழுவும் விதம்

காலை ஒருதரம், இரவு ஒருதரம். வெயிலில் வியர்த்துக் களைத்து வந்தால் வெறும் தண்ணீர். அரை நிமிடம் விரல் நுனியால் தடவி, பிறகு அள்ளி அள்ளிக் கழுவுங்கள். முடி தொடங்கும் ஓரத்திலும் தாடைக்குக் கீழும் வழுவழுப்பு நின்றுவிடும், எனக்குப் பரு வந்ததும் அங்கேதான். துவாயால் ஒற்றி எடுங்கள்.

ஐந்து நிமிடத்தில் முகம் இழுக்காமல் இருந்தால் தெரிவு சரி. ஒரு மாதம் அப்படியே போகட்டும். அடைபட்ட துவாரங்கள் மிஞ்சினால் சாலிசிலிக் அசிட் உள்ள கழுவியைக் கிழமைக்கு இரண்டு நாள் சேர்க்கலாம். எண்ணெயில் கரைவதால் அது துவாரத்துக்குள் போகும். தொடக்கத்திலேயே அதில் கை வைத்தால் எரிவு எதனால் வந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

பின்னர் சேர்த்தவை

நல்லூர்த் திருவிழா நாட்களில் நெற்றி மட்டும் கடிக்கிறது, ஃபேஸ் வொஷ்தான் காரணமா என்று ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். 25 நாளும் சந்தனமும் குங்குமமும் வைத்தாராம். வாசனையும் சாயமும் கலந்தவை கடிக்கும். பொட்டு வைத்த இடத்தில் மட்டும் சிவந்திருந்தால் முதலில் அதை மாற்றிப் பாருங்கள்.

பெயரே இல்லாத டப்பாவில் வரும் வெள்ளையாக்கும் கிறீம் பூசிய பிறகு முகம் எரிகிறது என்று இரண்டு பேர் எழுதினார்கள். அப்படியான கிறீம்களில் ஸ்ரெரொயிட் கலந்திருக்கக்கூடும். எந்த ஃபேஸ் வொஷ்ஷும் இதைத் தீர்க்காது. தயவுசெய்து டப்பாவையும் கொண்டு தோல் வைத்தியரிடம் போங்கள்.

தீவுப் பக்கத்து வாசகி ஒருவர் தண்ணீரைக் கொதிக்கவைத்தால் சரிவருமா என்று கேட்டார். சுண்ணாம்பு கொஞ்சம் இறங்கும், கேத்தலில் படிவது அதுதான். ஆற வைத்து மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள். ஆனால் உவர்ப்பு கொதிக்க வைத்தாலும் போகாது. அங்கே மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால், கடைசி அலசலுக்கு ஒரு செம்பு அதை எடுத்தால் போதும்.