மக்கள் நல சர்வே தரவில் ஏற்றத்தாழ்வைக் கணக்கிடுவது எப்படி? தொடங்குகிறவர்களுக்கு

"இந்த நாட்டில் 64 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடக்கின்றன." இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு திட்டமும் தீட்ட முடியாது. மீதி 36 பேர் யார், எங்கே இருக்கிறார்கள், எவ்வளவு ஏழைகள் என்பதுதான் கேள்வி. அதற்கான பதில் பெரும்பாலும் யாரும் இறக்கிப் பார்க்கலாம் என்ற நிலையில் பொதுவெளியில் கிடக்கிறது. கையேடுகளில் சூத்திரங்கள் உண்டு. எதை முதலில் செய்வது, எங்கே நின்று யோசிப்பது என்பது இல்லை. நான் செய்து தெளிந்த வரிசையை இங்கே எழுதுகிறேன். சராசரி, ரிக்ரெஷன் எல்லாம் தெரியும், ஆர் (R) மென்பொருள் உங்கள் கணினியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன்.

1. தரவு

அமெரிக்க அரசின் நிதியோடு 1984-இல் தொடங்கிய டி.எச்.எஸ். (DHS, மக்கள்தொகை, சுகாதார சர்வே), 1990-களின் நடுவில் யுனிசெஃப் தொடங்கிய மிக்ஸ் (MICS), பல நாடுகளில் நடக்கும் இந்த இரண்டு சர்வேக்களும் போதும். இரண்டிலும் பதிவு செய்து, எதற்காகக் கேட்கிறீர்கள் என்று எழுதினால் இலவசமாகவே தருவார்கள். 2025-இல் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவியை வெட்டியதில் டி.எச்.எஸ். பெரிய அடி வாங்கியது. அதனால் ஒரே இடத்தை நம்பி இருக்காதீர்கள். பழகுவதற்கு டி.எச்.எஸ். தயாரித்த மாதிரித் தரவுக் கோப்புகள் உண்டு. அவை எந்த நாட்டையும் சேர்ந்தவை அல்ல, அனுமதியும் தேவையில்லை.

2. கேள்வித்தாள்

கோப்பைத் திறப்பதற்கு முன் கேள்வித்தாளைப் படியுங்கள். கேள்விகளுக்கு இடையிலும் பக்கத்திலும் யாரிடம் கேட்க வேண்டும், யாரைத் தாண்டிப் போக வேண்டும் என்று எழுதியிருக்கும். நான்காவது படியில் இது கட்டாயம் தேவைப்படும்.

இதே இடத்தில் இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். இவை வீடு வீடாகப் போகும் சர்வேக்கள். வீடற்றவர்கள், சிறையிலும் விடுதியிலும் இருப்பவர்கள் இதில் வரமாட்டார்கள். தாய்மாரிடம் கேட்டு எழுதும் பிறப்பு வரலாற்றில், தாயை இழந்த குழந்தைகள் இல்லை. மிக மோசமான நிலையில் இருப்பவர்களே விட்டுப்போகிறார்கள். நீங்கள் காணும் இடைவெளி உண்மையைவிடச் சிறியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம். கட்டுரையில் இதை அடிக்குறிப்பில் ஒளிக்காமல் உடலிலேயே எழுதுங்கள்.

3. எடையும் மாதிரி வடிவமைப்பும்

ஆரில் ஹேவன் (haven) என்ற தொகுப்பால் கோப்பைப் படியுங்கள். அப்புறம் தாமஸ் லம்லி எழுதிய சர்வே (survey) என்ற ஆர் தொகுப்பு. என் கருத்தில் இந்த வேலைக்கு அதைவிட நம்பகமான இலவசக் கருவி கிடையாது. ஸ்டாட்டாவும் நன்றாகச் செய்யும், ஆனால் காசு. எக்செல் வேண்டவே வேண்டாம்; எடையோடு சராசரி வந்துவிடும், பிழை வரம்பு வராது.

டி.எச்.எஸ். கோப்பில் எடை, அதாவது ஒருவரின் பதிலுக்கு எவ்வளவு கனம் தர வேண்டும் என்ற எண், வி005 (v005) என்ற நிரலில் இருக்கிறது. அதை 10 லட்சத்தால் வகுக்க வேண்டும். கொத்து (மாதிரிக்கு முதலில் தேர்ந்தெடுத்த கிராமம் அல்லது நகரப் பகுதி) வி021. ஸ்ட்ராட்டா (தேர்வுக்கு முன்பே நாட்டைப் பிரித்துக்கொண்ட பிரிவுகள்) வி022 அல்லது வி023. எது என்பது அந்தந்த சர்வே அறிக்கையின் மாதிரி பற்றிய பின்னிணைப்பில் இருக்கும். மூன்றையும் கொடுத்து வடிவமைப்பை அறிவித்த பிறகுதான் உங்களுக்கு வேண்டிய குழுவைப் பிரிக்க வேண்டும். முன்பே வடிகட்டிவிட்டால் சதவீதம் சரியாகவே வரும், ஆனால் அந்தக் குழுவில் ஒருவர்கூட இல்லாத கொத்துகள் கணக்கிலிருந்து காணாமல் போய், பிழை வரம்பு தவறாக வரும். சதவீதம் சரியாக இருப்பதால் யாருக்கும் சந்தேகமே வராது.

4. வகுக்கும் எண் யாருடையது?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள்.

வீட்டுப் பொருள்களையும் வசதிகளையும் கொண்டு கட்டிய செல்வக் குறியீட்டை வைத்து மக்களை ஐந்து குவின்டைல்களாக, அதாவது சம பாகங்களாக, பிரித்திருப்பார்கள் (வி190). ஒவ்வொன்றிலும் 20 சதவீதம். எதில் 20 சதவீதம்? வீடுகளில் வாழும் மொத்த மக்கள்தொகையில். பிறப்புகளில் அல்ல. ஏழை வீடுகளில் பொதுவாகப் பிறப்புகள் அதிகம் என்பதால், பிறப்புகளை அடுக்கினால் ஐந்தும் சமமாக இருக்காது.

விளக்கத்துக்காக நானே எடுத்துக்கொண்ட எண்கள் இவை. 100 பிறப்புகள், மிக ஏழையிலிருந்து மிகச் செல்வந்தர் வரை 28, 23, 20, 16, 13 என்று விழுகின்றன. மருத்துவமனைப் பிரசவம் அதே வரிசையில் 40, 55, 70, 85, 95 சதவீதம். ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் 69. பிறப்புகளின் பங்கை வைத்துக் கணக்கிட்டால் 63.8. ஐந்து புள்ளி வித்தியாசம், ஒரு தரவும் மாறாமலே.

சரி, பிறப்பையா எண்ணுவது, தாயையா? டி.எச்.எஸ்.-இல் பிரசவம் நடந்த இடத்தைக் கடந்த சில ஆண்டுகளின் ஒவ்வொரு பிறப்புக்கும் கேட்கிறார்கள். கர்ப்பகாலப் பரிசோதனையைக் கடைசிப் பிறப்புக்கு மட்டும் கேட்பது நெடுங்கால வழக்கம். இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் வெவ்வேறு கூட்டத்தை ஒப்பிடுகிறீர்கள். அடுத்தடுத்துக் குழந்தை பெற்ற பெண் பிறப்புக் கணக்கில் இரண்டு மூன்று முறை வருகிறாள், தாய்க் கணக்கில் ஒரு முறைதான். அப்படி வருபவர்களில் ஏழைகள் அதிகம் என்பதால் இடைவெளியின் அளவே மாறும். அட்டவணையின் தலைப்பிலேயே "இத்தனை ஆண்டுகளுக்குள் நடந்த பிறப்புகள்" என்றோ "கடைசிப் பிறப்பு" என்றோ எழுதிவிடுங்கள்.

சிகிச்சை பற்றிய கேள்விகளில் சிக்கல் இன்னும் ஆழம். "கடந்த இரண்டு வாரத்தில் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு இருந்ததா?" என்று கேட்டு, ஆம் என்றவர்களிடம் மட்டுமே சிகிச்சை பற்றிக் கேட்பார்கள். ஆனால் எதை நோய் என்று சொல்வது என்பதே கல்வியோடும் மருத்துவ வசதியோடும் மாறும். அமர்த்தியா சென் 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இதைக் காட்டினார்: இந்திய மாநிலங்களில் ஆயுட்காலம் மிக அதிகமான கேரளத்தில்தான் மக்கள் தங்களுக்கு நோய் இருப்பதாக அதிகம் சொன்னார்கள், பீகாரில் குறைவு. ஏழைத் தாய் லேசான வயிற்றுப்போக்கைச் சொல்லாமல் விட்டால், வகுக்கும் எண் சுருங்கி, ஏழைகள் நன்றாகவே சிகிச்சை பெறுவதுபோலத் தெரியும். முடிந்தால் தடுப்பூசி, பிரசவம், அளந்து பார்த்த ரத்த அழுத்தம் போன்றவற்றோடு தொடங்குங்கள். அங்கே தேவை யாருக்கு என்பதைப் பதில் சொல்பவர் தீர்மானிப்பதில்லை.

5. செல்வக் குறியீட்டை நம்பும் முன்

இது வருமானம் அல்ல. மிதிவண்டி, தொலைக்காட்சி, தரை, கழிப்பறை, குடிநீர் போன்றவற்றிலிருந்து கட்டப்பட்ட தரவரிசை. ஒரு நாட்டின் மிக ஏழைக் குவின்டைல் இன்னொரு நாட்டின் மிக ஏழைக் குவின்டைலுக்குச் சமம் அல்ல. ஆராய்வது வயிற்றுப்போக்கு என்றால், கழிப்பறையும் குடிநீரும் குறியீட்டுக்குள்ளேயே இருப்பதை மறக்காதீர்கள். நகரத்தையும் கிராமத்தையும் தனித்தனியாகப் பார்க்க வி190ஏ இருக்கிறதா என்று தேடுங்கள்.

6. அளவுகோல்

மேலே சொன்ன அதே எண்கள். செல்வந்தருக்கும் ஏழைக்கும் வித்தியாசம் 55 புள்ளி. விகிதம் சுமார் 2.4. நடுவில் இருக்கும் மூன்று குழுக்களையும் சேர்க்க, மிக ஏழை 0, மிகச் செல்வந்தர் 1 என்று போகும் தரவரிசையின் மீது ரிக்ரெஷன் கோடு போட்டால் சரிவுக் குறியீடு சுமார் 69 புள்ளி. சேவை ஏழைகள் பக்கம் குவிகிறதா, செல்வந்தர் பக்கம் குவிகிறதா என்று காட்டும் செறிவுக் குறியீடு (0 என்றால் சமம்) 0.17. ஆம்–இல்லை வகைக் குறிகாட்டிக்கு அதன் எல்லைகள் சராசரியைப் பொறுத்து மாறும் என்பதால், பொருளியலாளர் எரைகர்ஸ் 2009-இல் தந்த திருத்தத்தோடு 0.44. தரவரிசையைப் பிறப்புகளின் எடையை வைத்தே கட்டுங்கள், இல்லையென்றால் நான்காவது படியில் செய்தது வீண்.

வித்தியாசத்தையும் விகிதத்தையும் எப்போதும் சேர்த்தே கொடுங்கள். ஏழைகள் 40-லிருந்து 60-க்கும், செல்வந்தர் 95-லிருந்து 98-க்கும் போனதாக வைப்போம். வித்தியாசம் 55-லிருந்து 38, விகிதம் 2.4-லிருந்து 1.6. இடைவெளி குறைந்தது! இப்போது கிடைக்காதவர்களை எண்ணுங்கள்: முன்பு 60-க்கு 5, அதாவது 12 மடங்கு, இப்போது 40-க்கு 2, அதாவது 20 மடங்கு. இரண்டும் உண்மை. ஒன்றை மட்டும் சொல்கிறவர் எதையோ மறைக்கிறார் என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

தரவைத் தொடாமலே படங்களாகப் பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் ஹீட் (HEAT) கருவி நல்லது. உங்கள் எண் சரியா என்று ஒத்துப் பார்க்கவும் உதவும்.

பின்சேர்க்கை: வாசகர்கள் கேட்டவை

"ஸ்ட்ராட்டாவில் ஒரே ஒரு கொத்துதான் இருக்கிறது" என்று ஆர் நின்றுவிடுகிறது என்றார்கள். வடிகட்டிய பிறகு வடிவமைப்பை அறிவித்தால் இது அடிக்கடி வரும். முதலில் மூன்றாம் படியைச் சரிபாருங்கள். அப்புறமும் வந்தால் சர்வே தொகுப்பில் தனிக் கொத்துக்கான அமைப்பை (survey.lonely.psu) "அட்ஜஸ்ட்" (adjust) என்று மாற்றுங்கள். அந்த ஸ்ட்ராட்டாவைத் தூக்கி எறியாதீர்கள்.

குழந்தைகளின் உயரக் கணக்கில் சராசரி வானத்துக்குப் போகிறது என்று இன்னொருவர் எழுதினார். எச்.டபிள்யூ.70 என்ற நிரலில் இசட் மதிப்பை, அதாவது குழந்தையின் உயரம் அந்த வயதுக்குரிய உயரத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற எண்ணை, 100-ஆல் பெருக்கி வைத்திருப்பார்கள். அங்கே 9998 என்று இருந்தால் அது நம்ப முடியாத அளவீடு என்பதற்கான குறி. 9996 முதலான குறிகளை முதலில் காலியாக்கிவிட்டு, அப்புறம் 100-ஆல் வகுக்க வேண்டும்.

இனம், மொழி, மாவட்டம் என்று நுணுக்கமாகப் பிரித்தபோது அட்டவணையின் ஒரு கட்டத்தில் 19 பேர்தான் மிஞ்சினார்கள், போடலாமா என்ற கேள்விக்கு: டி.எச்.எஸ். அறிக்கைகளில் எடை சேர்க்காத எண்ணிக்கை 25-க்குக் கீழ் இருந்தால் சதவீதத்தை அச்சிடுவதில்லை. 25 முதல் 49 வரை இருந்தால் அடைப்புக்குறிக்குள் போடுகிறார்கள். அதையே பின்பற்றுங்கள். அந்தக் குழுவை "மற்றவர்கள்" என்று கரைத்துவிடாமல், பெயரைப் போட்டு, எண்ணிக்கை போதவில்லை என்று அதே வரியில் எழுதுங்கள். அடுத்த சர்வேயில் அவர்களிடம் கூடுதல் மாதிரி எடுக்கச் சொல்லிக் கேட்க அந்த வரி ஆதாரமாக இருக்கும்.