நாவிலிருந்து தொடங்குங்கள்: இச்சையடக்கத்தைப் பழகும் முறை

இச்சையடக்கத்தைப் பழக விரும்பும் விசுவாசிகள் பலர், கோபம், உணவு, கைபேசி, பணம் என எல்லாவற்றையும் ஒரே நாளில் திருத்திக்கொள்ளத் தீர்மானித்துச் சீக்கிரமே சோர்ந்துபோகிறார்கள். கலாத்தியருக்கு எழுதும்போது இச்சையடக்கத்தை ஆவியின் கனியாக, அதாவது பரிசுத்த ஆவியானவர் நம்மில் விளைவிக்கும் குணமாகச் சொல்லும் அப்போஸ்தலன் பவுல், கொரிந்தியருக்கு எழுதும்போது பந்தயத்திற்குப் போராடுகிறவர்களை எடுத்துக்காட்டி, தம் சரீரத்தை ஒடுக்கிக் கீழ்ப்படுத்துவதாகச் சொல்கிறார் (1 கொரி. 9:25-27). கொரிந்துக்கு அருகில் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை விளையாட்டுப் போட்டிகள் நடந்துவந்ததால், பயிற்சி என்றால் என்னவென்று அந்தச் சபையாருக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. கனியைத் தருகிறவர் தேவன் என்பதற்காக, பயிற்சி வேண்டாம் என்று ஆகிவிடாது.

படி 1: ஒரே ஒரு குறையைத் தேர்ந்தெடுங்கள்.
புதிதாகத் தொடங்குகிறவர்கள் நாவை எடுத்துக்கொள்வது நல்லது என்பது என் உறுதியான எண்ணம். சொல் தவறாதவன் தன் சரீரம் முழுவதையும் அடக்கக்கூடியவன் என்று யாக்கோபு எழுதுகிறார் (3:2). ஆனால், "இனி யார்மேலும் கோபப்பட மாட்டேன்" என்ற தீர்மானம் பழகுவதற்கு மிகப் பெரியது. "மாலையில் வேலை முடிந்து வந்ததும் பிள்ளைகளிடம் சுடுசொல் பேச மாட்டேன்" என்று இடம், நேரம், ஆள் ஆகிய மூன்றும் தெரியும்படி எழுதிவையுங்கள்.

படி 2: காலையிலேயே கேளுங்கள்.
"கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும்" (சங். 141:3) என்ற வசனத்தை மனப்பாடம் செய்து, எழுந்தவுடன் ஜெபமாகச் சொல்லுங்கள்.

படி 3: தப்பிக்கொள்ளும் வழியை முன்கூட்டியே தீர்மானியுங்கள்.
சோதனையோடு தப்பிக்கொள்ளும் போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்பது வாக்குத்தத்தம் (1 கொரி. 10:13). எரிச்சல் ஏறிய பிறகு அந்தப் போக்கைத் தேடுவது கடினம். ஆகவே முகம் கழுவப் போவதா, "சாப்பிட்டுவிட்டுப் பேசலாம்" என்று சொல்வதா என்பதை அமைதியாக இருக்கும்போதே முடிவு செய்துகொள்ளுங்கள். பசியும் தூக்கக் குறைவும் சேரும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும்.

படி 4: நாளுக்கு இருமுறை கணக்குப் பாருங்கள்.
பலர் விட்டுவிடுகிற படி இதுதான். என் பார்வையில் மற்றப் படிகளைத் தாங்கி நிற்பதும் இதுதான். 16ஆம் நூற்றாண்டில் இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார், ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, மதிய உணவுக்குப் பிறகும் இரவு உணவுக்குப் பிறகும் மணிக்கு மணி நினைத்துப் பார்த்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் அந்த நாளுக்கென வரைந்த கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்கக் கற்பித்தார். தவறிய அந்த நொடியிலேயே, மற்றவர் கவனியாதபடி, மார்பில் கை வைத்து மனம் வருந்தவும் சொன்னார். நேற்றைய கோட்டோடு இன்றைய கோட்டையும், சென்ற வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டால், தவறுகள் குறைகின்றனவா என்பதோடு, எந்த வேளையில் அவை குவிகின்றன என்பதும் தெரியவரும். அந்த வேளைக்கு ஏற்றபடி மூன்றாம் படியை மாற்றியமையுங்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்களும் தயங்காமல் பின்பற்றக்கூடிய முறை இது.

படி 5: தவறினால் அன்றே சரிசெய்யுங்கள்.
சூரியன் அஸ்தமிப்பதற்கு முன் எரிச்சல் தணியவேண்டும் என்கிறது எபேசியர் 4:26. பிள்ளையாக இருந்தாலும், "நான் அப்படிப் பேசியது தவறு" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அடுத்த முறை நாவைக் கட்டுப்படுத்த, இந்தத் தாழ்மை வேறெதையும்விட அதிகம் உதவும்.

படி 6: வாரத்தில் ஒருவேளை உபவாசம் இருங்கள்.
உணவை மறுத்துப் பழகிய மனம் மற்ற ஆசைகளையும் மறுக்கக் கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தை ஜெபத்தால் நிரப்புங்கள், பிறருக்குக் காட்டிக்கொள்ளாதீர்கள் (மத். 6:16-18). நீரிழிவு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் உணவுக்குப் பதிலாக மாலைநேரக் கைபேசியை விட்டுவிடலாம்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வீட்டிலோ சபையிலோ ஒருவர் உங்களைத் துன்புறுத்தும்போது வாய்மூடிச் சகித்துக்கொள்வது இச்சையடக்கம் ஆகாது. அதை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லிப் பாதுகாப்புத் தேடுங்கள்.

புள்ளிகள் தொடர்ந்து சில வாரங்கள் குறைந்திருந்தால், அடுத்த குறையைப் புதிய பக்கத்தில் எழுதி, முதற்படியிலிருந்து தொடங்கலாம்.