ஐப்பசி மழையில் குதிரையைக் கட்டிப் போடாதீர்கள்

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையில் குதிரை வாங்குகிறவர்களுக்கு முதல் இரண்டு மாதம் பெரும்பாலும் நன்றாகத்தான் போகும். தரை காய்ந்து கிடக்கும், தோட்டத்து வண்டிப்பாதையில் காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒரு சுற்று. அப்புறம் ஐப்பசி பிறக்கும். மூன்று நாள் விடாமல் தூறும், கொட்டகை வாசல் சேறாகிவிடும், மழை விடட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று குதிரையைக் கட்டி வைத்துவிடுவோம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீளும். அத்தனை நாளும் கட்டிப் போட்டால், தையில் அவிழ்த்து வெளியே கொண்டுவரும்போது ஆடியில் வாங்கிய குதிரைதானா இது என்று சந்தேகம் வந்துவிடும்.

நானும் முதல் வருடம் அதையேதான் செய்தேன். என்னுடையது மார்வாரி இனம், செவலை நிறப் பெண்குதிரை, கூப்பிடுவதும் செவலை என்றுதான். நான்கு நாள் அடைமழை, கொட்டகையை விட்டு நகரவில்லை. வழக்கமான கொள்ளையும் தவிட்டையும் குறைக்காமல் போட்டேன், பாவம் அடைந்து கிடக்கிறாளே என்று ஒரு கை கூடவே போட்டேன். ஐந்தாம் நாள் வெயில் அடித்ததும் சேணத்தைப் பூட்டி ஏரிக்கரையில் எடுத்த எடுப்பில் ஓட்டத்தில் விட்டேன். கொஞ்ச தூரம்தான் போயிருப்போம், பின்னங்கால்கள் விறைத்து, எடுத்து வைக்கும் எட்டு சிறுத்து, அப்படியே நின்றுவிட்டாள். தொடையைத் தொட்டால் பலகையைத் தொட்ட மாதிரி இருந்தது. உடம்பெல்லாம் வியர்வை, சிறுநீர் காப்பி நிறத்தில் இறங்கியது. மருத்துவர் வந்து சொன்ன பிறகுதான் புரிந்தது. வேலை இல்லாத நாளில் தானியத்தைக் குறைக்காமல் போட்டுவிட்டு, திடீரென்று வேலை வாங்கினால் தசை நார்கள் சிதைந்துவிடும், அதிலிருந்து இறங்கும் நிறமிதான் சிறுநீரில் தெரிகிறது, சிறுநீரகத்தையே அது கெடுத்துவிடும். வண்டிக்குதிரைகள் ஞாயிறு ஓய்வெடுத்துவிட்டுத் திங்கள் காலையில் இப்படி நின்றுபோனதால் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பெயர் இருக்கிறது. அந்த நேரத்தில் குதிரையை மெல்ல நடத்தி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். நின்ற இடத்திலேயே நிறுத்தி மருத்துவரைக் கூப்பிடுங்கள். செவலை தேறினாள், ஆனால் அதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அதனால் முதல் வேலை தீனி. குதிரை வெளியே போகாத நாளில் தானியம் பாதிக்கும் கீழே, காய்ந்த புல் வழக்கம்போல். 350 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 5 முதல் 6 கிலோ காய்ந்த தீவனமாவது போக வேண்டும், அதுவும் ஒரே வேளையில் இல்லாமல் நாலைந்து தடவையாக. தீவனப் போரில் மழைத்தண்ணீர் இறங்கி, கையை உள்ளே விட்டால் சூடாக இருக்கிற, பூஞ்சை வாடை அடிக்கிற தீவனத்தை மாட்டுக்குப் போடவே யோசிக்க வேண்டும், குதிரைக்குப் போடவே கூடாது. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, உள்ளே போனது போனதுதான். மழைக்குப் பின் தளதளவென்று முளைத்திருக்கும் பசும்புல்லிலும் எடுத்ததும் வயிறு முட்ட மேயவிடாதீர்கள், இளம் சோளப்பயிர் பக்கம் போகவே விடாதீர்கள். இன்னொன்று, குளிர்ந்த நாளில் குதிரை தண்ணீர் குறைத்துத்தான் குடிக்கும், சாணம் இறுகி வயிற்றுவலியில் கொண்டுபோய் விடும். தீனியில் இரண்டு தேக்கரண்டி உப்பு சேருங்கள், தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக வையுங்கள். காலையில் கொட்டகைக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்ப்பது சாணத்தைத்தான், முகத்தை அப்புறம்தான்.

அடுத்தது குளம்பு. பாண்டிய நாட்டுக்கு ஆண்டுதோறும் கப்பல் கப்பலாகக் குதிரைகள் வந்து இறங்கியதையும், பராமரிக்கத் தெரிந்தவர்கள் இல்லாமல் அவற்றில் பெரும்பாலானவை சீக்கிரமே செத்ததையும் 13ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த மார்க்கோ போலோ சொல்லியிருக்கிறார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் குதிரைகளின் குளம்புகள்தான் கண்முன் வரும். வறண்ட மணலில் பிறந்த குதிரை நம் ஊர் ஈரத்தில் நிற்கிறது. இன்றைக்கு நாம் வாங்கும் மார்வாரியும் கத்தியவாரியும் வறண்ட நாட்டு இனங்கள்தான்.

தினமும் இரண்டு வேளை நாலு காலையும் தூக்கிப் பாருங்கள். குளம்பின் அடியில் முக்கோணமாக, ரப்பர் போல ஒரு பகுதி இருக்கிறதே, அதன் இரண்டு பக்கப் பள்ளத்திலும் நடுப் பள்ளத்திலும்தான் சேறும் சாணமும் அடைந்துகொள்ளும். ஹூஃப் பிக் என்கிற குளம்பு சுரண்டும் கொக்கியைக் குதிகால் பக்கத்திலிருந்து நுனியை நோக்கி இழுத்துச் சுத்தம் செய்யுங்கள், எதிர்ப்பக்கமாக வேண்டாம், வழுக்கினால் மெத்தென்ற இடத்தில் குத்திவிடும். வாடையையும் கவனியுங்கள். நல்ல குளம்பில் மண்வாடைதான் வரும். அழுகல் நாற்றத்தோடு கறுப்பாகக் களிம்பு மாதிரி ஒட்டினால் குளம்பு அழுகல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கழுவி, துணியால் ஒற்றி, முழுக்கக் காயவிட்டு, நீர்த்த பொவிடோன் அயோடினைப் பஞ்சில் நனைத்து அந்தப் பள்ளத்தில் வையுங்கள். பள்ளம் ஆழமாகி, தொட்டாலே காலை இழுத்தால் அது மருத்துவர் பார்க்க வேண்டியது. லாடக்காரரை மழைக்காலத்தில் தள்ளிப் போடாதீர்கள், ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரச் சொல்லுங்கள். ஊறிய குளம்பில் ஆணி சீக்கிரம் தளரும், சேறு லாடத்தைப் பிடுங்கிவிடும்.

மருந்தைவிட முக்கியம் நிற்கிற தரை. கொட்டகையில் ஒரு மூலையாவது முழுக்கக் காய்ந்திருக்க வேண்டும். வாசலில் ஒரு சாண் மண்ணை எடுத்துவிட்டு அடியில் ஜல்லி, மேலே கிராவல் போட்டால் பாதித் தொல்லை தீர்ந்துவிடும். கால் மயிரில் ஒட்டிய சேற்றைத் தினமும் தண்ணீர் அடித்துக் கழுவ வேண்டாம், காயவிட்டுப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். கழுவித்தான் ஆக வேண்டும் என்றால் குளம்புக்கு மேலே பின்பக்கக் குழி வரை ஈரம் போகத் துடைத்துவிடுங்கள். அந்த இடத்தில் பொருக்குப் பொருக்காக வந்தால் பிய்த்து எடுக்காதீர்கள், வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால் தானே உதிரும்.

இனி பழக்குவது. தரை கெட்டிருக்கும் நாட்கள் உண்மையில் பழக்குவதற்கு நல்ல நாட்கள். ஓட முடியாது, ஆகவே அவசரமும் இல்லை. கொட்டகைக்குள்ளேயே இருபது நிமிடம் போதும். கயிற்றைப் பிடித்து ஓர் அடி முன்னால், ஓர் அடி பின்னால், பின்பாகத்தை ஒரு பக்கம் நகர்த்துவது, தலையைத் தாழ்த்துவது, அவ்வளவுதான். கயிற்றில் விரலால் லேசாக இழுவை கொடுங்கள், குதிரை எடையைச் சாய்க்க நினைத்த அந்த நொடியிலேயே விட்டுவிடுங்கள். இழுப்பதால் குதிரை கற்றுக்கொள்வதில்லை, விடுவதால்தான் கற்றுக்கொள்கிறது. நேரம் தவறி விட்டால் நீங்கள் நினைத்தது ஒன்று, அது படித்தது வேறொன்று. சரியாகச் செய்ததும் கழுத்தில் பளார் பளார் என்று தட்டாதீர்கள், பிடரி முடியும் இடத்து மேட்டில் சொறிந்து கொடுங்கள். குதிரைகள் ஒன்றுக்கொன்று அங்கேதான் சொறிந்துகொள்ளும், இதயத்துடிப்பே இறங்கும். தகரக் கூரையில் மழை அடிக்கும் சத்தம், மடக்கிய குடை, சரசரக்கும் மழைக்கோட்டு எல்லாவற்றையும் இந்த நாட்களிலேயே காட்டிப் பழக்கிவிடலாம். மழைக்கோட்டை முதன்முதலாகச் சேணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு மாட்டாதீர்கள்.

தேங்கிய தண்ணீரைப் பார்த்து மிரளாத குதிரை குறைவு. அதற்குப் பயம் வருவதில் நியாயம் இருக்கிறது. பளபளக்கும் அந்தப் பரப்புக்குக் கீழே தரை நாலு விரலா நாலு முழமா என்று அதற்குத் தெரியாது. செவலையை முதலில் கொண்டுபோனது எங்கள் கிணற்றடியில் வழியை அடைத்து நின்ற ஒரு குட்டைக்கு. நான் முதலில் தண்ணீரில் இறங்கி நின்றேன், கயிறு தொய்வாக. காது இரண்டும் முன்னால் நீட்டிக்கொண்டு, மூக்குத்துவாரம் விரிய, கழுத்தை நீட்டி மோந்து பார்த்தாள், பின்வாங்கினாள். விட்டேன். மறுபடி வந்தாள். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, முன்னங்காலால் தண்ணீரை ஓங்கி அடித்தாள், என் வேட்டியெல்லாம் சேறு, அடித்துவிட்டுத் தானே நின்று உதட்டை மென்றாள். அன்றைக்கு அதோடு திரும்பிவிட்டேன். மறுநாள் நாலு காலும் உள்ளே வந்தது. சவுக்கு எடுத்திருந்தால் அன்றே தாண்டியிருப்பாள்தான், ஒரே தாவில், அப்புறம் ஆயுசுக்கும் தண்ணீரைக் கண்டால் தாவுவாள். பழக்கும் குட்டையின் அடி உறுதியானதா, கண்ணாடி முள் இல்லையா என்று நீங்கள் முன்கூட்டியே காலை விட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

சவாரிக்குக் கிளம்பும்போது வானத்தைவிடத் தரையைப் பாருங்கள். தூறல் தொந்தரவில்லை. குளம்புத் தடம் மட்டும் பதிகிற செம்மண்ணில் நடையும், கொஞ்சம் டிராட் என்கிற துள்ளோட்டமும் போகலாம். குளம்பு முழுக்க மூழ்கினால் நடை மட்டும். அதற்கு மேலும் புதைகிற கரிசல் என்றால் திரும்பிவிடுங்கள், காலை உருவி எடுக்கும் ஒவ்வொரு முறையும் தசைநாண் இழுபடுகிறது. லாடம் அடித்த குதிரைக்கு நனைந்த தார்ச்சாலை சேற்றைவிட மோசம், முதல் மழையில் எண்ணெய்ப்பசை வேறு மிதக்கும், வெள்ளைக்கோட்டின் மேல் லாடம் வழுக்கும். சாலையைக் கடக்கத்தான் வேண்டுமென்றால் இறங்கி நடத்திக் கடந்துவிடுவேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இடி கேட்டால் சவாரி முடிந்தது. உங்கள் எடையும் சேண எடையும் சேர்ந்து குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, சேற்றில் அதையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

முதல் பதினைந்து நிமிடம் நடை, கடைசிப் பத்து நிமிடமும் நடை. சரிவில் இறங்கும்போது கடிவாள வாரைத் தொய்வாக விடுங்கள், தலையை ஆட்டித்தான் அது சமநிலை பிடிக்கும். வழுக்கினால் உடனே கடிவாளத்தை இழுக்கத் தோன்றும், இழுத்தால் மீளும் வழியை நீங்களே அடைத்ததாகும். பிடரி மயிரைப் பிடித்துக்கொண்டு நேராக உட்காருங்கள்.

திரும்பி வந்ததும் வைக்கோல் பிரியால் முதுகையும் விலாவையும் அழுத்தித் தேய்த்துக் காயவையுங்கள், காற்றடிக்கும் இடத்தில் ஈரத்தோடு கட்டாதீர்கள். சேணத்தின் அடித்துணி இரண்டு வைத்துக்கொள்ளுங்கள், நேற்றைய ஈரத்துணியை இன்று போட்டால் ஊறிய தோலில் சேணம் ஒரே சவாரியில் புண் போட்டுவிடும். வாரமொருமுறை உடல் சூடு பாருங்கள், 101 டிகிரி ஃபாரன்ஹீட் வரை சரி. மழையோடு கடிக்கும் ஈக்கள் பெருகும், அவை பரப்பும் சர்ரா நோயில் காய்ச்சல் விட்டுவிட்டு வரும், உடம்பு இளைக்கும், கால் வீங்கும். அப்படித் தெரிந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி புரட்டாசிக்குள் போட்டிருக்க வேண்டும், சேற்றில் கிடக்கும் ஒரு துருப்பிடித்த ஆணி போதும்.

மார்கழிக் கடைசியில் தரை இறுகியதும் கேண்டர் என்கிற மிதமான பாய்ச்சலுக்கு அவசரப்பட வேண்டாம். முதல் வாரம் நடையைக் கூட்டுங்கள், இரண்டாம் வாரம் டிராட்டை, மூன்றாம் வாரம் நேரான செம்மண் பாதையில் ஒரே ஒரு நீட்டு கேண்டர். மறுநாள் காலை கொட்டகையிலிருந்து வெளியே நடத்தி, எட்டு ஒரே அளவாக விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் இரண்டு நீட்டு.