ஜோகன்னஸ்பர்க் வருகிறவர்களுக்கு: ஜூலைக் காற்றைப் பார்த்து வீடு பிடியுங்கள்

வேலை கிடைத்து இங்கே வரும் நம்மவர்கள் முதலில் கேட்பது பாதுகாப்பைப் பற்றி. அடுத்தது பள்ளிக்கூடம், அப்புறம் இட்லி அரிசி. காற்றைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. கேட்கத் தோன்றாததும் நியாயம்தான். ஜனவரியில் வந்து இறங்கினால் வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருக்கும். மாலையில் இடியோடு மழை பெய்து தூசியை அடக்கிவிடும். சென்னை அண்ணா சாலையில் வண்டி ஓட்டியவர்களுக்கு இது சொர்க்கம். வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதும் பெரும்பாலும் அந்த உற்சாகத்தில்தான். மே பிறந்ததும் கதை மாறும்.

இங்கே மே முதல் ஆகஸ்ட் வரை குளிர்காலம், அதுவும் மழையே இல்லாத குளிர்காலம். ஜோகன்னஸ்பர்க் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில், ஹைவெல்ட் என்ற மேட்டுநிலத்தில் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை வேகமாகக் குளிர்ந்துவிடும். தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்க, அதன் மேல் வெதுவெதுப்பான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும். கீழே கிளம்பும் புகைக்கு மேலே போக வழி இல்லை. காலை ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகுதான் அந்த மூடி திறக்கும்.

அப்படி அடைபடுவதில் நாம் கவலைப்பட வேண்டியது பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள். விட்டம் 2.5 மைக்ரோமீட்டர் அல்லது அதற்கும் குறைவு. மூக்கிலோ தொண்டையிலோ நிற்காமல் நுரையீரலின் அடிவரை போய்விடும். ஆஸ்துமா மட்டுமல்ல, மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு.

இது எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் எல்லாரும் கிழக்கே, ம்புமலாங்கா மாகாணத்தின் அனல்மின் நிலையங்களைக் கைகாட்டுவார்கள். தவறில்லை. தென்னாப்பிரிக்காவின் மின்சாரத்தில் 80 சதவீதம் அளவுக்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. கெண்டால், மட்லா, கிரியல், டூவா, குசிலே எல்லாம் எமலாஹ்லேனி நகரைச் சுற்றித்தான் இருக்கின்றன. ஆனால் உங்கள் தெருவின் ஜூலை மாலைக் காற்றைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த உயரப் புகைபோக்கிகள் அல்ல. பக்கத்து டவுன்ஷிப்பில் (நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்களுக்கென்று ஒதுக்கிய குடியிருப்பு) குளிருக்கு எரியும் நிலக்கரி அடுப்பும், இம்பாவுலா என்கிற ஓட்டை போட்ட தகரக் கணப்பும், ஓரத்தில் கொளுத்தும் குப்பையும்தான். கூடவே வாகனப் புகை. ஆகஸ்ட், செப்டம்பரில் காய்ந்த புல்வெளித் தீயும், பழைய தங்கச் சுரங்கக் கழிவு மேடுகளிலிருந்து காற்றில் பறக்கும் தூசியும் சேர்ந்துகொள்ளும்.

“காற்று மாசு வருடா வருடம் குறைந்துகொண்டு வருகிறதாமே?” என்று கேட்பவர்களுக்கு நேரான பதில் கிடையாது. ஒரு பக்கம் நல்ல செய்தி உண்டு. 1980களிலிருந்து மின்நிலையங்களில் நல்ல வடிகட்டிகள் பொருத்தியதால் புகைபோக்கிச் சாம்பல் பெருமளவு குறைந்தது. 1994ல் மூன்றில் ஒரு பங்கு வீடுகளுக்குச் சற்று அதிகமாகத்தான் மின்சாரம் இருந்தது. இப்போது 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அப்படியானால் அடுப்புப் புகை போயிருக்க வேண்டுமே? போகவில்லை. மின்கட்டணம் ஏற ஏற, குளிருக்கு மட்டும் நிலக்கரியே மலிவு என்று பல குடும்பங்கள் அதைக் கைவிடவில்லை. மின்நிலையங்களிலும் சாம்பலைப் பிடித்தார்களே தவிர கந்தக டைஆக்சைடைப் பிடிக்கவில்லை. அது காற்றில் போகப் போக சல்பேட் துகளாக மாறி, பிஎம் 2.5 கணக்கிலேயே வந்து சேரும். கந்தகத்தை நீக்கும் கருவியோடு கட்டப்பட்டது குசிலே ஒன்றுதான். அங்கேயும் 2022 அக்டோபரில் புகைபோக்கியின் ஒரு பகுதி இடிந்து, அந்தக் கருவியைத் தவிர்த்துவிட்டுச் சில காலம் ஓட்ட அனுமதி கொடுத்தார்கள்.

சட்டங்களுக்குக் குறைவில்லை. 2004ல் காற்றுத்தரச் சட்டம் வந்தது. 2006ல் ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே உள்ள வால் முக்கோணத் தொழிற்பகுதியும் 2007ல் ஹைவெல்டும், மாசைக் குறைக்கத் தனிக் கவனம் வேண்டிய முன்னுரிமைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்டன. அரசின் தொடர் அளவீட்டு நிலையங்கள் பெரும்பாலும் அதன் பிறகே வந்தன. ஆகவே நீண்டகாலப் போக்கு என்று நாம் பேசுவதே இருபது வருடத்துக்குள் அடங்கிவிடும், அதிலும் கருவி பழுதாகி விடுபட்ட மாதங்கள் நிறைய. இருக்கிற பதிவின்படி சில நிலையங்களில் மெதுவான இறக்கம், சிலவற்றில் அசைவே இல்லை. 2022 மார்ச்சில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம், ஹைவெல்டின் காற்று மாசு உடல்நலத்துக்குக் கேடில்லாத சூழலுக்கு அரசியலமைப்பின் 24ஆம் பிரிவு தரும் உரிமையை மீறுகிறது என்றே தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவை கிரவுண்ட்வொர்க், வுக்கானி என்ற இரண்டு அமைப்புகள். என் கணிப்பில், இங்கே சட்டம் நடந்த வேகத்தில் காற்று நடக்கவில்லை. அடுத்த ஐந்து வருடத்தில் தானாகச் சரியாகிவிடும் என்று நம்பி வீடு பிடிக்காதீர்கள்.

செல்போனில் காற்றுத்தரச் செயலியைப் பார்க்கும்போது ஒரு குழப்பம் வரும். இங்கே பிஎம் 2.5க்கு அனுமதித்த ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 20 மைக்ரோகிராம், ஒரு நாள் சராசரி 40. 2030 முதல் 15, 25 ஆக இறங்கும் என்று 2012லேயே அறிவித்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொன்னதோ 5, 15. ஆனால் செல்போன் காட்டுவது மைக்ரோகிராம் அல்ல, குறியீட்டு எண். அதிலும் நாட்டுக்கு நாடு கணக்கு வேறு. ஒரே 30 மைக்ரோகிராம் காற்று, இந்திய முறையில் 50, அதாவது ‘நல்லது’. அமெரிக்க முறையில் ஏறக்குறைய 90. ஊரில் பார்த்துப் பழகிய எண்ணோடு இங்கே பார்ப்பதை ஒப்பிட்டு “நம்ம ஊரே தேவலை” என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமைப்புகளில் போய் மைக்ரோகிராமுக்கு மாற்றிக்கொள்வது நல்லது. வானிலைத் துறை நடத்தும் சாக்கிஸ் (SAAQIS) தளத்தில் அரசு நிலையங்களின் அளவு கிடைக்கும். பக்கத்தில் நிலையமே இல்லாத இடத்துக்குச் செயலி காட்டும் எண் வெறும் மதிப்பீடுதான்.

வீடு பார்க்கும் விஷயத்துக்கு வருவோம். புதிதாக வருகிறவர்கள் மிட்ராண்ட், சாண்டன், ஃபோர்வேஸ், செஞ்சூரியன் பக்கம் போவார்கள். லெனேசியாவில் பழைய தமிழ்க் குடும்பங்கள் இருப்பதால் சிலருக்கு அங்கே ஆசை. எங்கே ஆனாலும் வரைபடத்தில் பக்கத்து டவுன்ஷிப் எந்தத் திசையில் இருக்கிறது, வீடு பள்ளத்தில் இருக்கிறதா மேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். புகை இரவில் தண்ணீர்போலப் பள்ளம் தேடி இறங்கும். மிட்ராண்டுக்குப் பக்கத்தில் டெம்பிசா, ஐவரி பார்க். சாண்டனை ஒட்டி அலெக்சாண்ட்ரா. லெனேசியாவுக்கு வடக்கே சோவெட்டோ. முடிந்தால் வீட்டை ஒருமுறை குளிர்கால மாலை ஏழு மணிக்குப் போய்ப் பாருங்கள். கோடையில் வந்திருந்தால் காவலாளியிடமும் பக்கத்து வீட்டுக்காரரிடமும் “ஜூலையில் புகை வாசம் வருமா?” என்று கேட்டால் போதும், மறைக்காமல் சொல்வார்கள். வீட்டுத் தரகர் சொல்லமாட்டார்.

இங்கத்து வீடுகள் வெயில் தேசத்து நினைப்பில் கட்டியவை. குளிர்காப்பு குறைவு, கதவடியில் ஒரு விரல் இடைவெளி. விலையுயர்ந்த காற்றுச் சுத்திகரிப்பானுக்கு முன்னால் அந்த இடைவெளிகளை ரப்பர் பட்டை ஒட்டி அடையுங்கள். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும். சுத்திகரிப்பான் வாங்கினால் நுண்துகளைப் பிடிக்கும் ஹெபா (HEPA) வடிகட்டி உள்ளதாக, படுக்கையறைக்கு ஒன்று போதும். வரவேற்பறையில் விறகுக் கணப்பு இருந்தால் அழகுக்கு விட்டுவிடுங்கள்.

நம்மவர்களிடம் மாற்றச் சிரமமான பழக்கம் அதிகாலை நடை. ஜூன், ஜூலையில் ஆறு மணிக்குப் போகாதீர்கள். இரவு முழுக்கச் சேர்ந்த புகை தரைமட்டத்தில் நிற்கும் நேரம் அது. ஊரிலிருந்து அப்பா அம்மாவை வரவழைத்தால் அவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியதும் இதுதான். நடையை மத்தியானம் பன்னிரண்டிலிருந்து நான்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிர்கால வெயில் சுகமாகத்தான் இருக்கும். வீட்டு ஜன்னல்களைத் திறந்து வைக்கவும் அதே நேரம்தான். துணி முகக்கவசத்தால் பயன் இல்லை, எஃப்எஃப்பி2 அல்லது கேஎன்95 வகைக் கவசம் வேண்டும். சில நாள் நகரம் முழுக்க அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பயப்படாதீர்கள், அது ஹைட்ரஜன் சல்பைட் வாயு. துகள் அளவுக்கும் அதற்கும் நேரடி சம்பந்தம் இல்லை.

டர்பனில் வேலை என்றால் கணக்கு வேறு. கடற்காற்று உங்கள் பக்கம். 1860லிருந்து தமிழர்கள் இருக்கிற ஊர், கோயிலுக்கும் குறைவில்லை. ஆனால் இந்தியர்கள் நிறைந்த மேர்பேங்க் பகுதி இரண்டு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு நடுவில் வளர்ந்தது. அங்கே ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்த ஆய்வில் சுமார் பாதிப் பிள்ளைகளுக்கு ஆஸ்துமா என்று தெரியவந்தது. ஒரு ஆலை 2020 டிசம்பர் தீவிபத்துக்குப் பிறகு சுத்திகரிப்பை நிறுத்தியது, இன்னொன்று 2022ல் நின்றது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள் சொல்லும் பழைய கதைகளை இன்றைய காற்றுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். நகருக்கு வடக்கே கரும்புத் தோட்டப் பக்கம் போனால் அறுவடைக்கு முன் கொளுத்தும் கரும்புச் சருகின் கரி துணிக்கொடியில் வந்து விழும். கேப் டவுனில் குளிர்காலக் காலைகளில் பழுப்பு மூட்டம் உண்டு, ஹைவெல்ட் அளவுக்கு இல்லை.

வீட்டில் யாருக்காவது ஆஸ்துமா இருந்தால், மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேரும்போதே அதை எழுதிவிடுங்கள். மறைத்தால் பின்னால் உறுப்பினர் தகுதியையே ரத்து செய்யலாம். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு 12 மாதம் வரை காத்திருப்புக் காலம் போடச் சட்டம் அனுமதிக்கிறது. அது முடிந்தபின், ஆஸ்துமா கட்டாயப் பட்டியலில் இருக்கும் நாட்பட்ட நோய் என்பதால், மலிவான திட்டத்தில்கூட அதற்கான மருந்தைத் தந்தாக வேண்டும். ஆகவே முதல் குளிர்காலத்துக்கு வேண்டிய இன்ஹேலரை, டாக்டர் சீட்டோடு ஊரிலிருந்தே எடுத்து வாருங்கள். மே மாதத்துக்கு முன்பே இங்கே ஒரு குடும்ப மருத்துவரைப் பார்த்துப் பதிந்துகொண்டால், ஜூலையில் இரவு இரண்டு மணிக்கு எந்த மருத்துவமனை என்று தேடி அலைய வேண்டியிருக்காது.