போலீஸ் சைக்கிள் ரோந்தில் புதியவர்கள் செய்யும் தவறுகள்

ஹெல்மெட், டயர் காற்று, இரவு விளக்கு பற்றியெல்லாம் எழுதப் போவதில்லை, அது தெரியாதவர் ரோந்துக்கே வரக் கூடாது. பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு குழுவும் நாங்கள் அந்தக் காலத்தில் செய்த அதே கோளாறுகளைப் புதிதுபோலச் செய்வதால்தான் இது.

மூச்சிரைக்கப் போய் நிற்பது

எனக்கு இன்றும் எரிச்சல் வருவது இதில்தான். சமீபத்தில் ஒருவர், நல்ல கால் வலு, கைகலப்பு என்று தகவல் வந்ததும் எழுந்து நின்று மிதித்து எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார். சரி, சேர்ந்து? மைக்கை அழுத்தினால் மூச்சுச் சத்தம்தான் கேட்கிறது, எந்தத் தெருமுனை என்று கட்டுப்பாட்டு அறை திரும்பத் திரும்பக் கேட்கிறது, அடித்தவன் அவசரமே இல்லாமல் நடந்து போகிறான். துரத்தலாம் என்றால் சைக்கிள் கனமான கியரிலேயே நிற்கிறது, நகர மாட்டேன் என்கிறது.

1987-ல் சியாட்டில் போலீஸ் சைக்கிளில் இறங்கியதே நெரிசலில் கார் நகராத இடங்களுக்குப் போகத்தான். காரை ஏற்கெனவே ஜெயித்தாகிவிட்டது, அப்புறம் எதற்கு அந்த ஓட்டம்? நெஞ்சு படபடக்கும்போது விரல் நடுங்கும், பார்வை ஒரே இடத்தில் குத்திட்டு நிற்கும், பேச்சில் தேவையில்லாத கோபம் ஏறும். கடைசி நூறு மீட்டரில் மிதிப்பதைத் தளர்த்துங்கள், இடத்தை அப்போதே மைக்கில் சொல்லிவிடுங்கள், லேசான கியருக்கு மாற்றுங்கள். சாதாரண செயின் கியர் பெடல் சுற்றும்போதுதான் மாறும், நின்றபிறகு திருகிப் பயனில்லை. மெதுவாகப் போனால் சத்தமும் இருக்காது, அவர்கள் உங்களைப் பார்ப்பதற்கு முன் நீங்கள் அவர்களைப் பார்த்துவிடலாம்.

சந்தேக நபர் நிற்கும் பக்கமாக இறங்குவது

மறுபக்கம் இறங்குங்கள். நடுவில் சைக்கிள் இருக்கட்டும்.

ஈரத்தில் சாலைக்கோட்டின் மேல் திரும்புவது

விழுவீர்கள்.

மரத்துப்போவதைச் சொல்லாமல் இருப்பது

சீட் அழுத்தித் தொடையிடுக்கு மரத்துப்போனால் வெட்கப்பட்டு யாரும் வாய் திறப்பதில்லை. அமெரிக்க அரசின் நியோஷ் ஆய்வு நிறுவனம் சைக்கிள் போலீஸாரிடமே இதை ஆராய்ந்தது. முன்மூக்கு இல்லாத சீட்டுக்கு ஆறு மாதம் மாறியவர்களுக்கு இடுப்புக்குக் கீழான மரத்துப்போதல் நன்றாகக் குறைந்தது என்பது 2008-ல் வெளியானது. சீட்டை மாற்றிக் கேளுங்கள்.

சைக்கிளைப் போட்டுவிட்டு இருவருமே ஓடுவது

திரும்பி வந்தால் அது அங்கே இருக்காது. யார் ஓடுவது, யார் சைக்கிள்களோடு நிற்பது என்பதை ரோந்து கிளம்பும்போதே பேசி வையுங்கள். ஒருவரைத் தனியாகத் துரத்தவிடுவது ஆபத்தாகத் தோன்றும் இடமென்றால், துரத்தாமல் ஆள் போகும் திசையை மைக்கில் சொல்லுங்கள்.