பிஸ்பீயின் பழைய போஸ்ட்கார்டுகளைப் படிக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

அமெரிக்காவின் அரிசோனாவில், மெக்சிகோ எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது பிஸ்பீ. செம்புச் சுரங்க ஊர். 1889இல் ரயில் வந்ததும் மலையிடுக்கில் மளமளவென்று வளர்ந்தது. அந்த ஊரின் பழைய பட போஸ்ட்கார்டுகள் இன்று இணையத்தில் நிறையவே பார்க்கக் கிடைக்கின்றன. சுரங்க ஊர் வாழ்க்கையை அவற்றிலிருந்து தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் சில இடங்களில் கவனமாக இருக்க வேண்டும்.

அதிகம் நடக்கும் தவறு தேதியில்தான். முத்திரையில் 1910 என்று இருந்தால் படமும் அந்த ஆண்டுப் படம் என்று எழுதிவிடுகிறோம். அட்டை தபாலில் சேர்ந்த நாளைத்தான் முத்திரை சொல்லும். ஒரே படத்தை வருடக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்து விற்ற காலம் அது. எனவே படத்துக்குள்ளேயே சாட்சி தேடுங்கள். ஊருக்குள் புகை கக்கிக்கொண்டிருந்த காப்பர் குயின் உருக்காலையின் வேலை 1904 வாக்கில் டக்ளஸ் என்ற புது ஊருக்குப் போய்விட்டது. உருக்காலைப் புகை சூழ்ந்த ஊர்ப் படத்தில் 1910 முத்திரை இருந்தால், படம் அதைவிடப் பழையது என்று தயங்காமல் சொல்லலாம். மின்சார டிராம் ஓடியது 1908 முதல் 1928 வரை. லாவெண்டர் பிட் என்ற பிரம்மாண்டமான திறந்தவெளிச் சுரங்கம் தெரிந்தால் அது 1950களுக்கு முந்திய படமாக இருக்க வழியில்லை.

அட்டையின் பின்புறமும் பேசும். 1907 மார்ச் 1 வரை அமெரிக்காவில் பின்பக்கம் முகவரிக்கு மட்டும்தான். சேதியைப் படத்தின் மேலேயே எழுத வேண்டும். ஆகவே முன்பக்கம் கிறுக்கியிருந்தால் யாரோ பாழாக்கிவிட்டார்கள் என்று ஒதுக்க வேண்டாம், அந்தக் கால வழக்கமே அப்படித்தான். முத்திரையில் இரண்டு ஊர்ப் பெயரும் ‘ஆர்.பி.ஓ.’ (ரயில்வே போஸ்ட் ஆபீஸ்) என்ற எழுத்துகளும் இருந்தால், நம்மூர் ஆர்.எம்.எஸ். போல, ஓடும் ரயிலில் தபால் பிரித்தபோது குத்தியது. அந்த இரண்டும் ரயில் தடத்தின் முனைகள். எழுதியவர் அங்கே குடியிருந்தார் என்று அர்த்தமில்லை.

நிறத்தையும் நம்பிவிடக்கூடாது. முதல் உலகப் போருக்கு முன் ஏராளமான வண்ண அட்டைகள் ஜெர்மனியில் அச்சாகி வந்தன. கருப்பு வெள்ளைப் படத்துக்கு, அந்த ஊரைக் கண்ணால் பார்க்காதவர்கள் வண்ணம் சேர்த்தார்கள். கூரை சிவப்பாகத் தெரிகிறதே என்று எழுதிவிட வேண்டாம். தந்திக் கம்பிகளை அழிப்பதும் வானத்தில் மேகம் வரைவதும் சகஜம். பூதக்கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது. புள்ளியே இல்லாமல் வழவழப்பாக இருந்தால் நேராகப் புகைப்படத் தாளில் எடுத்தது. உள்ளூர் வாழ்க்கைக்கு இந்த வகையையே நான் அதிகம் நம்புவேன்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, விற்பனைக்கு வந்த காட்சிகளே ஊர் என்று நினைப்பது. கடைக்காரர் விற்றது காப்பர் குயின் ஹோட்டலையும் பெரிய தெருவையும். மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்களைச் சுரங்கத்துக்குள் வேலைக்கு விடாமல், மேலே குறைந்த கூலிக்கு வைத்திருந்தார்கள். சீனர்கள் இரவு தங்கக்கூடாது என்பது அந்த ஊர்க் கட்டுப்பாடு. தெருப் படம் எத்தனை பார்த்தாலும் இதெல்லாம் தெரியாது. சம்பளப் பதிவுகளையும் மக்கள்தொகைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் அட்டையைப் பார்க்க வேண்டும்.

கொடுமையைக் காட்டும் அட்டைகளும் இருக்கின்றன. 1917 ஜூலை 12 அன்று, வேலைநிறுத்தத்தில் இருந்தவர்களும் அவர்களை ஆதரித்தவர்களுமாகச் சுமார் 1,200 பேரைத் துப்பாக்கி முனையில் பிடித்து, மாடுகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் அடைத்து, நியூ மெக்சிகோ பாலைவனத்தில் இறக்கிவிட்டார்கள். ஷெரிஃப் ஹாரி வீலர் முன்னின்று நடத்தினார். பின்னால் இருந்தது காப்பர் குயின் சுரங்கத்தை நடத்திய ஃபெல்ப்ஸ் டாட்ஜ் நிறுவனம். ரயில் பாதையும் அவர்களுடையதே. அந்தப் படங்களும் போஸ்ட்கார்டாக வந்தன. அவற்றின் அடியில் இருக்கும் வாசகத்தை நடுநிலைச் செய்தியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஏற்றப்பட்டவர்களின் வாக்குமூலத்தையும் தேடிப் படியுங்கள். அந்த ஆண்டே அதிபர் வில்சன் அமைத்த குழு விசாரித்து, இது சட்டத்துக்குப் புறம்பானது என்று சொன்னது.

அப்புறம், கையில் அசல் அட்டை இருந்தால் ஸ்டாம்பைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரிக்காதீர்கள். முத்திரை பாதியாகிவிடும். ஸ்கேன் எடுக்கும்போது இரண்டு பக்கத்தையும் ஓரம் வெட்டாமல் எடுங்கள்.